காலியாக விட்ட கட்டம்

வளைகுடாவில், அல் கூஸில் ஜப்பானியர்களின் ஏசி தொழிற்சாலையில் எனக்குச் செக்கிங் டூட்டி. ஒவ்வொரு ஏசியிலும் ஆறு ஸ்குரூவைத் தொட்டுப் பார்த்து, தாளில் ஆறு கட்டத்திலும் டிக் போட வேண்டும். கடைசி ஸ்குரூவைத் தொடுவதற்குள் ஓடும் லைனில் ஏசி நகர்ந்துவிடும். காலிக் கட்டத்துக்குக் கேள்வி வருமே என்று, பார்க்காமலே டிக் போட்டு வந்தேன்.

ஒருநாள் டிக் போட்ட பிறகுதான் கவனித்தேன், அந்த ஏசியில் ஆறாவது ஸ்குரூவே இல்லை. பதறிப்போய், லைனை நிறுத்தும் கயிற்றை இழுத்தேன்.

"கலாஸ்ணே, முடிஞ்சுது! ஊருக்கு ஏத்தி விட்டுருவான்" என்றான் பக்கத்தில் நின்ற செல்வம்.

ஓடி வந்த ஜப்பானிய மேனேஜரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் திட்டவில்லை. லைனை ஓடவிட்டு, என் இடத்தில் நின்று தானே செக் செய்தார். ஐந்தாவது ஸ்குரூவோடு ஏசி நகர்ந்துவிட்டது.

"டைம் மாஃபி", நேரமே இல்லை என்றவர், ஆறாவது கட்டத்தைக் காலியாகவே விட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் லைன் மெதுவாக ஓடியது. நான் அத்தனை நாள் பயந்த காலிக் கட்டத்தின் கீழே அவர் தன் பெயரையே எழுதியிருந்தார்.