பின்வளவைப் படம் எடுத்த நஸீர் நானா

நஸீர் நானா மௌத்தாகிட்டார்.

காலையில ஃபோனைத் திறக்கக் கண்ணில பட்ட முதல் செய்தி இதுதான்... ஹார்ட் அட்டாக்காம். நேற்றும் ஒரு கலியாணத்துக்குப் படம் எடுத்திட்டு வந்து படுத்த மனுசன்.

மன்னார் ஆக்களுக்கு அவரைச் சொல்லத் தேவையில்ல. மற்றாக்களுக்காகச் சொல்லுறன்... டவுனில ஸ்டூடியோ வச்சிருந்தவர். சொந்த ஊர் எருக்கலம்பிட்டி. தொண்ணூறில முஸ்லிம் சனத்தை வெளியேத்தேக்க சின்னப் பிள்ளையா இடம்பெயர்ந்து, புத்தளத்தில வளர்ந்து, சண்டை முடிஞ்சாப்பிறகு குடும்பத்தோட திரும்பி வந்தவர்.

அவற்ற ஃபேஸ்புக் பேஜைப் பாக்காத ஆள் அப்ப டவுனில இல்ல. கலியாணம், முதல் நன்மை, சுன்னத்து, நடுரோட்டில படுத்திருக்கிற கழுதைக்குட்டி... எல்லாம் அதிலதான் வரும்.

நான் அந்த நேரம் சுகாதாரக் கந்தோரில. காய்ச்சல் கணக்கைக் கம்ப்யூட்டரில ஏத்திறதுதான் வேலை.

மாரி மழை தொடங்கி டெங்கு பரவின வருஷம். வீட்டுக்கு வீடு காய்ச்சல் எண்டு சனம் சொல்லுது... என்ர ஸ்கிரீனில டவுன் வெறுமையாக் கிடக்குது.

காரணம் தெரிஞ்சதுதான். திரும்பி வந்த சனத்தில கனபேருக்குப் பதிவு இன்னும் புத்தளத்தில. காய்ச்சல் எண்டா பழகின ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறிடுவினம். கணக்கு அங்க விழும். நுளம்பு இங்க இருக்கும்.

யோசிச்சுப்போட்டு நஸீர் நானாவிட்டப் போனன்.

"நானா, உங்கட பேஜில ஒரு கேள்வி போடேலுமோ? வீட்டில காய்ச்சல்காரர் இருந்தா எந்தத் தெரு எண்டு மட்டும் சொல்லச் சொல்லி. பேர் வேண்டாம்."

"போடுவம் மிஸ். ஆனா கமெண்டில வேணாம், இன்பொக்ஸில கேப்பம். வெளியில சொல்ல யோசிக்கிற வீடும் இருக்கும்தானே."

அடுத்த நாள் பின்னேரம் இன்பொக்ஸ் நிரம்பி வழியுது. டவுன் மேப்பைப் பெரிசாப் பிரிண்ட் எடுத்து, கலியாண அல்பம் செய்யிற மேசையில விரிச்சம். அவர் மெசேஜை வாசிக்க வாசிக்க நான் சிவப்புப் பேனையால பொட்டு வச்சன்.

அங்கொண்டு இங்கொண்டு... ஒரு இடத்தில மட்டும் பொட்டுக்கு மேல பொட்டு.

வாசிக்கிறதை நிப்பாட்டிட்டார்.

"மிஸ்... இது எங்கட கடைத் தெரு."

அந்தத் தெருவிலதான் ஒரு பிள்ளை. அவர் கலியாணப் படம் எடுத்த பிள்ளை, மாசமா இருந்தவள். அண்டைக்கு டெங்கு முத்தி ஐ.சி.யூவில கிடக்கிறாள்.

எழும்பிப் பின்வளவுக்குப் போனார். நானும் பின்னால போனன். கலியாண டெக்கரேஷன் சாமான் எல்லாம் அங்கதான் போட்டிருந்தது. பூச்சாடி, தூண், அன்னம் மாதிரிச் செய்த தொட்டி... எல்லாத்திலயும் மழைத்தண்ணி.

ஃபோன் லைட்டை அடிச்சன். தண்ணி முழுக்க நுளம்புக் குடம்பி துள்ளுது.

தொட்டிக்குள்ள குனிஞ்சு பாத்தார். பிறகு உள்ள போய்க் கமராவோட வந்தார். கலியாணத்துக்குக் கொண்டுபோற அந்தப் பெரிய கமரா.

கடையில நிண்ட அவற்ற மனுசி பதறிப்போனா. "கலியாண சீசன்ல இதைப் போட்டா ஆர் எங்களைக் கூப்பிடுவாங்க? பேசாம ஊத்திட்டு விடுங்களேன்."

"ஊத்தத்தான் போறன். முதல்ல படம்."

போட்டார். கடை போர்டும் தெரியத்தக்கதா.

கீழ எழுதினது இவ்வளவுதான்: "இது எங்கட வளவு. நுளம்பு இங்க இருந்துதான் போயிருக்கு. என்னை மன்னிச்சுக்கொள்ளுங்க. உங்கட வளவையும் ஒருக்காப் பாருங்க."

முதல் வந்தது ஏச்சு. வாசிக்கேலாத ஏச்சு... ஒண்டையும் அவர் அழிக்கேல்ல.

பிறகு ஒரு படம் வந்துது. ஒரு ஃபாதர், சவக்காலையில கல்லறைகளுக்கு மேல வச்ச பூச்சாடியளைப் படம் எடுத்து, "எங்களிட்டயும் இருக்கு" எண்டு போட்டிருந்தார்.

அதோட திறந்துவிட்ட மாதிரி... பள்ளிவாசல் தண்ணித் தொட்டி. டயர்க்கடை. அரைகுறையாக் கிடந்த வீட்டுத்திட்ட வீடுகள். தாழ்வுபாட்டுக் கடற்கரையில ஏத்தி விட்ட மீன்பிடிப் போட்டுக்குள்ள நிண்ட மழைத்தண்ணி. பரல், வாளி, சிரட்டை...

நான் கந்தோரில இருந்து பாத்துக்கொண்டே இருந்தன். ஒரு டவுனே தன்ர அழுக்கைத் தானே படம் எடுத்து, ஒளிக்காம, சொந்தப் பேரோட போடுது. இப்ப எழுதேக்கையும் மேல் சிலிர்க்குது.

அந்தக் கிழமை முழுக்கச் சனம் வளவு வளவா இறங்கித் துப்பரவாக்கிச்சுது. இன்பொக்ஸில காய்ச்சல் மெசேஜ் மெல்ல மெல்லக் குறைஞ்சுது.

எங்கட கந்தோரில சுகாதாரப் பரிசோதகரா இருந்த பி.எச்.ஐ அவற்ற கடைக்குப் போய், "நீங்களாச் சொன்னபடியா வழக்குப் போடேல்ல" எண்டார்.

"என்னை விட்டா நாளைக்கு ஆரைப் பிடிப்பீங்க சேர்? எழுதுங்க."

கோட்ஸுக்குப் போய்க் குற்றத்தை ஒப்புக்கொண்டு வந்தார். கையில இருந்த கலியாண ஓடர் கனக்கத் திரும்பிப் போச்சுது. அதைப் பற்றி என்னட்ட ஒரு சொல்லும் சொன்னதில்ல.

அந்தப் பிள்ளை சுகமாகி வீட்ட வந்தாள். பிறகு குழந்தையும் பிறந்துது.

ஞானஸ்நானத்துக்குப் படம் எடுக்க அவரைத்தான் கூப்பிட்டவை. கோயில் வாசலுக்கு வந்தவர், உள்ள வர மனம் வராம நிண்டார். அவள் நேர நடந்து வந்து, "நானா, பிடியுங்கோ" எண்டு குழந்தையை அவற்ற கையில வச்சாள்.

கமராவை அவசரமா என்னட்டத் தந்திட்டுத்தான் வாங்கினார். மனுசன் தேம்பித் தேம்பி அழுதார்.

கீழ போட்டிருக்கிறது அந்தப் படம்தான். நான் எடுத்தது. ஆடிப்போய்க் கிடக்குது... பரவாயில்ல.

ஜனாஸா பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகாம். வவுனியாவில இருந்து மன்னாருக்குப் பஸ் ஏறிட்டன். மடு ரோட் தாண்டிட்டுது...

வாறன் நானா.