சுருளியம்மாள் கதவில் மாட்டிய வளையம்

கை ஊசிக்குப் பின்பக்கம் ஓட்டை இருக்கிறது. தையல் மிஷின் ஊசிக்கு மட்டும் ஏன் முனையில் இருக்கிறது? இப்படி என்னிடம் கேட்டவள் எதிர்வீட்டுச் சுருளியம்மாள். இருபத்திரண்டு வருஷம் மிஷின் மிதித்த எனக்கு அதுவரை அது தோன்றியதே இல்லை. "வேலையப் பாரும்மா" என்று எரிந்து விழுந்தேன். ஆனால் கேள்வி மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது. அடுத்த வாரம் கம்பத்துக்கு நூல் வாங்கப் போனபோது மிஷின் மெக்கானிக்கிடம் விசாரித்தேன். நூலை, அடிநூல் சுற்றிக் கீழே வைத்திருக்கிற பாபின் வரைக்கும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டுமாம், அதற்காகத்தான். திரும்பி வந்ததும் அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப கையால தைக்கையில பாபின் வேலைய யாரு பாக்குறா பாய்?" என்றாள்.

அப்படிப்பட்ட ஆள். சுருளிப்பட்டியில் என் தையல் கடையும் அவள் வீடும் நேருக்கு நேர். நான் மிஷினிலிருந்து தலை தூக்கினால் அவள் வாசல்தான் தெரியும். புருஷன் கோட்டைச்சாமி திராட்சை லோடு ஏற்றிக்கொண்டு கேரளாவுக்கு லாரி ஓட்டுபவர், வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். ஒரே மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில். இவள் திராட்சைத் தோட்டத்தில் குலை வெட்டப் போவாள். ஒன்றுக்கு ஒன்பது கேள்வி கேட்டாலும் வேலையில் சுணக்கம் காட்ட மாட்டாள் என்று தோட்டக்காரரே சொல்லியிருக்கிறார்.

அவள் கேட்டதில் ஒரே ஒரு கேள்விதான் ஒரு குடும்பத்தையே உடைத்தது.

அவளுடைய அக்கா மாயக்காள் இதே தெருவில், நாலு வீடு தள்ளி இருக்கிறாள். 2003இல் மாயக்காள் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். பேச்செல்லாம் முடிந்து தட்டு மாற்றப் போகிற நேரம். வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்த சுருளியம்மாள், "ஏன் மாப்ள, ஒங்க செருப்புல ஒண்ணு மட்டும் இம்புட்டுத் தேஞ்சிருக்கு?" என்று கேட்டுவிட்டாள். மாப்பிள்ளைக்கு எப்போதோ கால் முறிந்து லேசாகச் சாய்த்து நடக்கிற பழக்கம். அதை அவர்கள் சொல்லாமல் மறைத்திருந்தார்கள். அவமானம் தாங்காமல் எழுந்து போனவர்கள் போனவர்கள்தான். அந்தப் பெண்ணுக்கு மறு வருஷமே ஜெயமங்கலத்தில் நல்ல இடம் அமைந்துவிட்டது. ஆனாலும் மாயக்காள் மனம் ஆறவில்லை. கல்யாணத்துக்குத் தெருவுக்கே பத்திரிகை வைத்தாள், என் வீட்டுக்கும் வைத்தாள், தங்கச்சி வீட்டுக்கு வைக்கவில்லை. "அவ வாசப்படிய மிதிச்சேன்னா ஏன்னு கேளுங்க" என்று என் கடையில் நின்றே சொன்னாள். நாலு வருஷமாக மிதிக்கவும் இல்லை. சுருளியம்மாள் இரண்டு தடவை அக்கா வீட்டுக்குப் போய் வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பியதை நான் பார்த்திருக்கிறேன்.

2007 தை, மாசியில் தோட்டத்தில் வேலை இல்லாமல், குமுளியில் வெள்ளைக்காரர்கள் வந்து தங்குகிற ஒரு வீட்டுக்குச் சமையல் உதவிக்குப் போனாள். பங்குனியில் திரும்பி வந்த அன்றே கடைக்கு வந்துவிட்டாள்.

"பாய், அங்கன ஒரு வெள்ளைக்காரம்மா காப்பிக் குச்சிய வளச்சு வளையம் மாதிரி கட்டி, எலையும் பூவும் சொருகி, அவுக தங்கியிருந்த ரூம் கதவுல மாட்டினாக. எதுக்குன்னு கேட்டேன். அவுக ஊருல பனி முடிஞ்சு பூப்பூக்கிற காலம் வந்தா எல்லாரும் மாட்டுவாகளாம். யாரு வந்தாலும் உள்ள வரலாம்னு அர்த்தமாம். மேனேஜர்தான் மலையாளத்துல சொன்னாரு."

"நமக்குப் பனியே இல்லையேம்மா."

"பூ இருக்குல்ல" என்றாள்.

அதற்கு அப்புறம் சொன்னதுதான் விஷயம். "அக்கா தெனம் பதினோரு மணிக்கு இங்கன கூடித்தான குழாய்க்குப் போறா. நான் கூப்பிட்டா வர மாட்டா. கதவு கூப்பிட்டா வருவாளான்னு பாக்குறேன்." எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

காப்பிக் குச்சிக்கு எங்கே போவது? தோட்டத்தில் கவாத்து முடிந்து, வெட்டிப்போட்ட திராட்சைக் கொடி வரப்பெல்லாம் கிடந்தது. ஒரு கட்டு தூக்கி வந்தாள். முதல் நாள் வளைத்தபோது பட்பட்டென்று ஒடிந்தது. ஏன் ஒடிகிறது என்று ஒவ்வொரு துண்டாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் கொடியைத் தொட்டித் தண்ணீரில் ஊறப்போட்டாள். அதற்கடுத்த நாள் ஒரு பித்தளைக் குடத்தின் வயிற்றைச் சுற்றி நாலைந்து கொடியை முறுக்கிச் சுற்றி, என்னிடம் வாங்கிய பச்சை நூலால் கட்டினாள். குடத்தை உருவி எடுத்ததும் அச்சுப் பிசகாத வட்டம். கொடியின் சுருள் பற்றுக் கம்பிகள் அங்கங்கே அப்படியே நின்றன. நானும் மிஷினை நிறுத்திவிட்டுப் போய்ப் பார்த்தேன். அதில் சுற்றிலும் பூத்த வேப்பங்கொழுந்தைச் செருகினாள். அதன்மேல் சரக்கொன்றை, ஆவாரம்பூ. மஞ்சள் கண்ணைப் பறித்தது.

காலை ஒன்பது மணிக்குக் கதவில் ஆணி அடித்து மாட்டினாள். தெருவே வேடிக்கை பார்த்தது. பார்த்துவிட்டு அவரவர் தோட்டத்துக்குப் போனார்கள். அப்போதுதான் ஒரு சிக்கல் வந்தது. எங்கள் தெருவில் விடிந்ததும் கதவைத் திறந்துபோட்டால் அடைவது ராத்திரிதான். கதவு திறந்திருந்தால் வளையம் உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. இரண்டு மூன்று தடவை திறந்து மூடிப் பார்த்தாள். கடைசியில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்துவிட்டாள்.

பதினொரு மணிக்கு மாயக்காள் இரண்டு குடத்தோடு வந்தாள். ஜன்னலில் சுருளியம்மாளின் ஒரு கண் தெரிந்தது. மாயக்காள் தலையைத் திருப்பாமல் போனாள், நிறைகுடத்தோடு திரும்பும்போதும் அப்படியே.

நான் மதியம் லுஹர் தொழுகைக்குப் பள்ளிவாசல் போய்விட்டு, வீட்டில் சாப்பிட்டு இரண்டு மணிக்குக் கடைக்கு வந்தால் தெரு வெறிச்சோடிக் கிடக்கிறது. ரவிக்கை வாங்க வந்த பெண் ஒருத்தி முக்கிலேயே நின்று, கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பிப் போனாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எதிரே பார்த்தேன். வெயிலில் கொன்றையும் ஆவாரமும் சுருண்டு உதிர்ந்து வாசலில் கிடந்தன. சாத்திய கதவில் மிஞ்சியிருந்தது வேப்பிலை மட்டும்தான்.

பங்குனி மாசம், சாத்திய கதவு, வேப்பிலை. எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். அந்த வீட்டில் அம்மை போட்டிருக்கிறது, ஆத்தா வந்திருக்கிறாள், யாரும் உள்ளே வரக் கூடாது. யாரும் வரலாம் என்று அவள் மாட்டியது, யாரும் வராதே என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. காலையில் தோட்டத்துக்குப் போனவர்களைத் தவிர வேறு யாருக்கும் அது வளையம் என்றே தெரியாது. நான் முக்கு வரைக்கும் போய் டீக்கடைப் பிச்சைமணியிடம், "அது அலங்காரம்யா" என்றேன். "ஒங்க யாவாரம் கெட்டுப் போகுமுன்னு சொல்றீக பாய்" என்று சிரித்தான். எனக்கு வந்த கோபத்துக்கு, அந்த வளையத்தைப் பிய்த்து எறிவதென்று நேராக அவள் வீட்டுக்கு நடந்தேன்.

நான் கதவைத் தட்டக் கை ஓங்கும்போது பின்னால் குரல்.

"தள்ளி நில்லுங்க பாய். நீங்க பிள்ளகுட்டிக்காரக."

மாயக்காள். ஒரு கையில் இளநீர்க் குலை, இன்னொரு கையில் பனையோலைக் கொட்டானில் நுங்கு. மூச்சு வாங்கியது.

"எங்க ரெண்டு பேருக்கும் சின்ன வயசுலயே ஒண்ணாப் போட்டிருச்சு. ஒரே பாயில வேப்பெலை விரிச்சுக் கெடந்தோம். எனக்கு மறுபடி வராது. அவளுக்கு எப்பிடி வந்துச்சுன்னுதான் தெரியல" என்று கலங்கிய குரலில் சொன்னாள்.

உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறக்கத்தான் போனேன். அதற்குள் உள்ளே கடுகு வெடிக்கிற சத்தம் கேட்டது. காலையிலிருந்து ஜன்னலிலேயே நின்றவள் அப்போதுதான் சமைக்கிறாள் போல. கறிவேப்பிலை வாசம் கதவிடுக்கு வழியாக வெளியே வந்தது. மாயக்காள் ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள். பிறகு முழங்கையால் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

நான் வாசலிலேயே நின்றேன். கரண்டியும் கையுமாக வந்த சுருளியம்மாள் அக்காவைப் பார்த்துச் சிலையாகிவிட்டாள். மாயக்காள் அவள் மோவாயைத் தூக்கி வெளிச்சத்தில் முகத்தைப் பார்த்தாள், கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணுமில்லக்கா. சும்மா அழகுக்கு மாட்டுனேன்" என்றாள் சுருளியம்மாள். அழுகையில் பாதி வார்த்தை வரவில்லை.

மாயக்காள் கதவைத் திருப்பி அந்த வளையத்தைத் தடவினாள். "கொடி ஒடியாம எப்பிடிடி வளச்ச?" என்று கேட்டாள்.

சுருளியம்மாள் சொல்ல ஆரம்பித்தாள். ஊறப்போட்டது, குடத்தில் சுற்றியது, பச்சை நூல், எல்லாம். நான் கடைக்கு வந்துவிட்டேன். அரை மணி கழித்து மாயக்காள் வெளியே வந்தாள். "இத இப்ப அவுத்துப்புடாத. வேப்பெலை கட்டுனா தலைக்கு மூணு தண்ணி ஊத்துன பெறகுதான் அவுக்கணும்" என்று உள்ளே பார்த்து அதட்டிவிட்டு, அம்மை வீட்டிலிருந்து போகிறவர்களைப் போலச் சொல்லிக்கொள்ளாமல் போனாள். மறுநாளும் இளநீரோடு வந்தாள். அதற்கு மறுநாளும்.

வீட்டில் என் மனைவி லத்திபாவிடம் இதைச் சொன்னபோது அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அம்மை வீட்டுல அவுக தாளிக்கவே மாட்டாகளே, ஒங்களுக்குத் தெரியாதா?" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கடுகு வெடித்த சத்தம் எனக்கே கேட்டதே.

சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்கு ரவிக்கை தைக்க மாயக்காள் கடைக்கு வந்தாள். எதிரே அந்த வளையம் காய்ந்து சருகாக இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. சுருளியம்மாளிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்ட வியாதி சும்மா இருக்க விடவில்லை. அளவு எடுத்து முடித்ததும், அன்றைக்கு வாசலில் நின்றபோது தாளிப்புச் சத்தம் கேட்டதா என்று கேட்டேன்.

"கேட்டுச்சு பாய்" என்றாள். துணியை மடித்து என் கையில் கொடுத்தாள். "எளநி வெட்டி வாங்கியாச்சுல்ல. திரும்பத் தூக்கிட்டா போக முடியும்?"