வியாழக்கிழமை வந்த படம்

ஏறாமலும் இறங்காமலும், மூச்சு வாங்காமல் ஒரே சுருதியில் "ஊ" என்று நீளும் அந்த ஒலி எங்கள் வீட்டு முன்கூடத்திலிருந்து எழுந்தால், சமையலறையில் இருக்கும் அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு ஈரக் கையோடு ஓடி வருவார். தொலைக்காட்சித் திரையில் வெள்ளை, மஞ்சள், நீலம், பச்சை, ஊதா, சிவப்பு என்று வண்ணப் பட்டைகள் நெட்டுக்குத்தாக நிற்கும். அவற்றின் மேல் ஏதோ ஒரு நகரத்தின் பெயர் ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். தன் ஊரில் கல்யாண வீடுகளில் விரிக்கும் சாயப் புற்பாயைப் போல இருப்பதால் அம்மா அதைப் "பாய்" என்றே சொல்வார். பாய் விரித்தால் சற்று நேரத்தில் படம் வரும் என்று பொருள். என்ன படம், எந்த ஊர்ப் படம், யாருடைய முகம் என்பது வந்த பிறகுதான் தெரியும்.

அது எந்த நிலையத்தின் நிகழ்ச்சியும் அல்ல. செய்தியாளர்கள் ஓர் ஊரில் எடுத்த படத்தைத் தங்கள் தலைமையகத்துக்குச் செயற்கைக்கோள் வழியாக அனுப்புவார்கள். கால் மணி நேரமோ அரை மணி நேரமோ ஓடிவிட்டு மறைந்துபோகும். அந்தக் காலத்தில் பலவற்றுக்குப் பூட்டு கிடையாது. எந்தக் கோளில், எந்த அலைவரிசையில் வருகிறது என்று தேடிக் கண்டுபிடிப்பவர் வீட்டிலிருந்தே பார்த்துவிடலாம். அப்பா அதை "ஃபீட்" என்பார். கணேசன் அண்ணன் "காட்டுக்கோழி" என்பார்.

"டிவி ஸ்டேசன்காரன் போடுறது நாட்டுக்கோழிண்ணே, கூப்பிட்டா வந்துரும். இது காட்டுக்கோழி லா. நாமதான் பொதரு பொதரா தேடிப் புடிக்கணும்."

கணேசன் அண்ணன்தான் எங்களுக்கு டிஷ் வைத்துத் தந்தவர். ஈப்போவுக்குத் தெற்கே, கோப்பெங் போகும் சாலையில், ஒரு ரப்பர்த் தோட்டத்தை அழித்துக் கட்டிய தாமான் என்னும் குடியிருப்பில் எங்கள் வீடு கடைசி வரிசையில் இருந்தது. பின்வேலிக்கு அப்பால் வெட்டாமல் விட்ட பால்மரங்கள் நின்றன. அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர் கணேசன் அண்ணன். தோட்டம் மூடிய பிறகு ஈப்போவில் ரேடியோ பழுதுபார்க்கும் கடையில் சேர்ந்தவர். மேற்கு வானத்தை மறைத்த மரமொன்றின் கிளைகளைக் கழிக்க ஏறியபோது, "எங்கப்பா பால் எடுத்த மரம்ணே இது. நான் ஏறிப் படம் எடுக்கப்போறேன்" என்று மேலிருந்து சிரித்தார்.

அப்போது வீடுகளில் டிஷ் வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. ஆகவே சாலைப்பக்கம் தெரியாதபடி அதன் முன்னால் கொடி கட்டி அம்மா சேலைகளைக் காயப்போடுவார். அலுவலகத்திலிருந்து வந்ததும் அப்பா "சேலையை எடு" என்றால், தேடல் தொடங்கப்போகிறது என்று எங்களுக்கு விளங்கிவிடும். பிறகு டிஷ்ஷைத் திருப்பும் மோட்டார் முனகும். திரை முழுதும் புள்ளிகள் கொதித்துக்கொண்டிருக்க, அப்பா ரிசீவரின் பொத்தானை ஒவ்வொரு எண்ணாக நகர்த்துவார். வாசலில் வேன் ஏதும் நின்றால் மூன்று பேரும் அசையாமல் இருப்போம்.

அப்பா நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைபவர். அவருடைய தாத்தா காலத்திலேயே ரயில்வே வேலைக்காக யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்கு வந்துவிட்ட குடும்பம். அம்மா அப்படியல்ல, அங்கே பிறந்து வளர்ந்து, கல்யாணமாகி இங்கே வந்தவர். அங்கே அவருக்கு மிஞ்சியிருந்தவர் ஒரே தம்பி, பாலன் மாமா. நான் அவரை நேரில் பார்த்ததில்லை, ஒரு நிழற்படத்தில் மட்டும்தான். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறார் என்பதும், கடிதத்தின் ஓரத்தில் எனக்கென்று ஒரு காகமோ ஆடோ வரைந்து அனுப்புவார் என்பதும் மட்டுமே தெரியும். நான் ஆறாம் ஆண்டு படித்த வருடம் அங்கே சண்டை கடுமையாகி அந்தக் கடிதங்கள் நின்றன. வழக்கமான செய்திகளில் அம்மாவின் ஊர் அரை நிமிடம்கூட வராது. அதற்கு முன் ஆங்கில இசையும் கால்பந்தும் பார்ப்பதற்கு இருந்த டிஷ், அதன்பின் மேற்கு நோக்கியே நின்றது.

"அறிவிப்பாளர் பேசி, வெட்டி ஒட்டின படத்தில என்ன இருக்கு? வெட்டாத படம்தான் பொய் சொல்லாது" என்பது அப்பாவின் வாக்கு. அவர் அப்படி நம்பக் காரணம் இருந்தது. நாங்கள் பிடித்த ஃபீட்களில் பெரும்பாலானவற்றில் செய்தியாளர் ஒருவர் ஒலிவாங்கியுடன் தன் முறைக்காகக் காத்து நிற்பார். தலை வாருவார், மூக்கைத் துடைப்பார், யாரையோ திட்டுவார். அவையெல்லாம் அந்தக் கணத்தில் நடந்தவை. ஆகவே ஃபீட் என்றாலே இப்போது நடப்பது என்று எங்கள் வீட்டில் கேள்வி கேட்காமல் பதிந்துவிட்டது.

ஒரு வியாழக்கிழமை மாலை, மழைக்கு முன் சுண்ணாம்பு மலைகள் கறுத்து நின்ற வேளையில், பாய் விரிந்தது. மேலே கொழும்பு என்று எழுதியிருந்தது. பட்டைகள் மறைந்ததும் ஒரு சாலை வந்தது. ஓசை இல்லை. மழையில் சனங்கள் போய்க்கொண்டிருந்தார்கள். தலையில் மூட்டைகள், கையில் பிள்ளைகள், தள்ளிக்கொண்டு போகும் சைக்கிள்கள். தாழ்ந்த பாலம் ஒன்றை நோக்கி அவர்கள் நகர, படம்பிடித்தவர் அவசரமே இல்லாமல் ஒரே இடத்தில் நின்று அவ்வளவையும் எடுத்திருந்தார். கூட்டத்திலிருந்து ஒதுங்கி நின்ற நாய் ஒன்று திரும்பிக் கேமராவைப் பார்த்தது.

அம்மா திரைக்கு முன்னால் முழங்காலில் உட்கார்ந்தார்.

"இஞ்சருங்கோ... உது பாலனெல்லே!"

சைக்கிளின் பின்னிருக்கையில் ஒரு கிழவியை ஏற்றித் தள்ளிக்கொண்டு போகும் ஒல்லியான மனிதர். சட்டைக் கொலரின் பின்புறம் குடையின் வளைந்த பிடியைக் கொழுவி முதுகில் தொங்கவிட்டிருந்தார். இரண்டு கையும் சைக்கிளில் இருந்ததால் அவ்வளவு மழையிலும் குடையை விரிக்க வழியில்லை.

"குடையைக் கொலரில கொழுவிறவன் அவன்தான். சட்டை கிழியுதெண்டு அம்மாட்டை எத்தினை தரம் பேச்சு வாங்கினவன்! நில்லடா, ஒருக்கா இஞ்சால பாரடா!"

அவர் பார்க்கவில்லை. முதுகும் குடையும் பாலத்தில் ஏறின. பிறகு வேறு முதுகுகள் மறைத்துவிட்டன. ஒரு பக்க முகத்தை நானும் பார்த்தேன். நிழற்படத்தில் இருந்தவர்தான் என்று அன்று சொன்னேன். இன்றும் மறுக்க மாட்டேன்.

"இது இப்ப நடக்குதோ?" என்று அம்மா கேட்டார்.

"இப்பதான்" என்றார் அப்பா. "நேரடியா வருது. வெட்டு ஒட்டு ஒண்ணும் இல்ல பாரு."

மறுநாள் அம்மா கல்லுமலைக் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தார். கொழும்பில் இருந்த தன் பெரியம்மா மகனுக்கு, பாலனைக் கண்டோம், சுகமாக நடந்து போகிறான் என்று கடிதம் எழுதினார். வீட்டில் பாயசம் வைத்தார்.

சனிக்கிழமை மாலை கணேசன் அண்ணனும் வந்திருந்தபோது, அதே எண்ணில் மீண்டும் பாய் விரிந்தது. அதே சாலை. அதே மழை. நாய் திரும்பிப் பார்த்தது. அம்மா சமையலறையிலிருந்து வந்து, சுவரில் சாய்ந்து, முகமெல்லாம் சிரிப்பாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இண்டைக்கும் அந்தப் பாலத்தாலதான் போறான், பார் பிள்ளை."

கணேசன் அண்ணன் அப்பாவைப் பார்த்தார். அப்பா ரிசீவரைப் பார்த்தார். படம் முடிந்ததும் இருவரும் டிஷ்ஷைச் சரிபார்ப்பதுபோல் பின்புறம் போனார்கள். நான் குளியலறைச் சன்னலுக்குப் பக்கத்தில் நின்றேன்.

"அண்ணே, இது டேப்பு லா. அதே நாய், அதே எடத்துல திரும்பிப் பாக்குது. போன வாரம் புடிச்சதோ, போன மாசம் புடிச்சதோ, யாருக்குத் தெரியும்? ஒவ்வொரு நாட்டுக்காரனும் கேக்கக் கேக்க, அதையே திருப்பித் திருப்பி ஓட்டுறானுங்க."

"தெரியும் கணேசா. நான் சொல்றேன். நீ சொல்லாத."

"எப்பச் சொல்வீங்க?"

அன்று அப்பா அம்மாவிடம் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. அம்மா பாட்டுப் பாடிக்கொண்டு துணி காயப்போட்டார்.

அடுத்த வாரம் கொழும்பிலிருந்து அந்தப் பெரியம்மா மகன் தொலைபேசியில் கூப்பிட்டார். அம்மா எடுத்தார். ஷெல் குண்டு விழுந்து ஒரு வீதியில் பலர் இறந்துவிட்டார்கள், அவர்களில் பாலனும் ஒருவன், நடந்து சில வாரங்கள் ஆகிவிட்டன, தனக்கே இன்றுதான் தெரியும் என்றார் அவர். உடலைத் தான் பார்க்கவில்லை. பார்த்தவர் சொல்லக் கேட்ட ஒருவர் தன்னிடம் சொன்னது என்றார். அம்மா அழவில்லை. தவறான முகவரி கேட்டு வந்தவரைத் திருத்துவதுபோல் நிதானமாகச் சொன்னார்.

"இல்லை அண்ணை. உங்களுக்கு ஆரோ பிழையாச் சொல்லியிருக்கினம். நான் வியாழக்கிழமை பார்த்தனான். சனிக்கிழமையும் பார்த்தனான்."

அன்று மாலை அப்பா எல்லாவற்றையும் சொன்னார். பதிவு செய்த நாடாவும் அதே வழியாகத்தான் வரும், அதற்கும் அதே பட்டைகள், அதே ஒலி, பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது என்று தாளில் படம் போட்டு விளக்கினார்; தான் அவசரப்பட்டுவிட்டதாகவும் சொன்னார். அம்மா முழுவதையும் கேட்டார்.

"நீங்கள்தானே நேரடி எண்டு சொன்னனீங்கள்" என்றார். "வெட்டாத படம் பொய் சொல்லாது எண்டும் நீங்கள்தான் சொன்னனீங்கள்."

முப்பத்தோராம் நாள் செய்யும் அந்தியேட்டிக் கிரியையைச் செய்துவிடலாம் என்று உறவினர்கள் சித்தியவானிலிருந்து வந்து பேசினார்கள். செத்த நாளே தெரியாதபோது எதிலிருந்து முப்பத்தொன்று எண்ணுவது என்று அம்மா கேட்டார். வந்தவர்களில் ஒருவர், நல்ல நாள் பார்த்து வைத்துக்கொள்ளலாம் என்றதும் அம்மாவின் குரல் ஏறியது.

"உயிரோட நடந்து போறவனுக்கு அந்தியேட்டியோ? சாப்பிட்டிட்டுப் போங்கோ. இந்தக் கதை இஞ்சை வேண்டாம்."

அதன்பின் சேலைகளை எடுக்கச் சொல்ல அப்பா தேவைப்படவில்லை. அவர் சைக்கிளை நிறுத்தும் முன்பே கொடி வெறுமையாக இருக்கும். பாலத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது, பாலன் எங்கே தங்கியிருக்கிறான் என்று அடுத்த படத்தில் தெரிந்துவிடும் என்று அம்மா காத்திருந்தார். அப்பாவோ தேடினார்; ஆனால் கிடைத்துவிடக் கூடாது என்று பயந்துகொண்டே தேடினார். முன்பெல்லாம் பாய் விரிந்தால் கைதட்டிய வீடு அது. இப்போது அந்த "ஊ" எழுந்ததும் அப்பாவின் தோள்கள் இறுகுவதைப் பின்னாலிருந்து பார்ப்பேன். பட்டைகள் நிற்கும் வரை எந்தக் கெட்டதும் நடந்துவிடவில்லை. அவை விலகக் கூடாதே என்று நான் மனதுக்குள் வேண்டிக்கொள்வேன்.

ஒருநாள் விலகின. ஒரு பள்ளிக்கூடத்தின் நீண்ட தாழ்வாரம். தரையில் வரிசையாகத் துணி போர்த்தியிருந்தது. போர்வைகளுக்கு வெளியே பாதங்கள் தெரிந்தன. கேமரா மெதுவாக, ஒவ்வொன்றாக, எங்கள் பக்கம் நகரத் தொடங்கியது. அடுத்த கணம் திரையில் புள்ளிகள் கொதித்தன.

"திருப்பிப் போடுங்கோ" என்றார் அம்மா.

"சிக்னல் போயிட்டுது" என்றார் அப்பா.

ரிசீவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான், அப்பாவின் கட்டைவிரல் இன்னும் அந்தப் பொத்தானின் மேல் இருப்பதைப் பார்த்தேன். அம்மாவும் அதைப் பார்த்தார் என்றே நினைக்கிறேன். அவர் எழுந்து போய், காய்ந்த சேலைகளை நனைத்துப் பிழிந்து மறுபடியும் கொடியில் போட்டார். பிறகு தேடச் சொல்லி அவர் கேட்கவே இல்லை.

சில ஆண்டுகளில் சட்டம் மாறியது. கட்டணம் கட்டி மாட்டும் சிறிய டிஷ்கள் எல்லாக் கூரைகளிலும் முளைத்தன. ஃபீட்கள் பூட்டுக்குள் போயின. எங்கள் பெரிய டிஷ்ஷைக் கணேசன் அண்ணன் கழற்றி, பீடோரில் இருந்த தன் மாமனார் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கோழிக்கூட்டுக்குக் கூரையாக வைத்தார். பின்வேலிக்கு அப்பால் இருந்த பால்மரங்கள் விழுந்து, அங்கே இப்போது மாடி வீடுகளும் ஒரு பெட்ரோல் நிலையமும் இருக்கின்றன. இன்று எந்த ஊரில் என்ன நடந்தாலும் கையிலிருக்கும் பேசியில் வந்து விழுகிறது. யாரும் பாய் விரித்துக் காத்திருப்பதில்லை. அது எப்போது எடுத்த படம் என்றும் யாரும் கேட்பதில்லை.

சென்ற ஆண்டு அப்பா இறந்தார். பத்திரிகைக்குக் கொடுக்க வேண்டிய மரண அறிவித்தலை நான்தான் எழுதினேன். எங்கள் ஆட்களுக்கு அதில் ஒரு முறை உண்டு: உறவினர் பெயர்களை வரிசையாகப் போட்டு, இறந்துபோனவர்களின் பெயருக்கு முன்னால் "காலஞ்சென்ற" என்று சேர்ப்போம், இருப்பவர்களின் பெயருக்குப் பின்னால் அவர்கள் வாழும் ஊரை அடைப்புக்குறிக்குள் எழுதுவோம். அம்மாவுக்கு இப்போது கண் தெளிவில்லை. வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார். மைத்துனர்கள் வரிசை வந்ததும் கையை உயர்த்தினார்.

"பாலனுக்கு முன்னால என்ன போட்டிருக்கிறாய்?"

நான் சொன்னேன்.

"அதை வெட்டு."

வெட்டினேன். பின்னால் எந்த ஊரைப் போடுவது என்று கேட்டேன். அவர் அடுத்த பெயரை வாசிக்கச் சொன்னார். ஆகவே கனடாவும் இலண்டனும் ஈப்போவுமாக நிறைந்திருந்த அந்த வரிசையில், முன்னாலும் பின்னாலும் எதுவும் இல்லாமல் அவர் பெயர் மட்டும் அச்சானது. அனுப்புவதற்கு முன் அம்மா என்னை நிறுத்தி, அடியில் இருந்த எங்கள் வீட்டுத் தொலைபேசி எண்ணை ஒவ்வோர் இலக்கமாக வாசிக்கச் சொன்னார். முடித்ததும், இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார்.