அந்தச் சாவி நான்தான்

பெற்றோர் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். சாவி என்றால்தான் பார்ப்பார். ஓட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் அழுக்கு விரிப்புகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் சலவை ஆலை ஒன்றில் அவர் ஸ்டோர் கீப்பர். சோப்புத்தூள் அறை, உடை மாற்றும் அறை, வண்டி வந்து நிற்கும் ஷட்டர் என்று எல்லாவற்றின் சாவியும் ஒரே வளையத்தில் அவர் இடுப்பில் தொங்கும். ஆள் வருவதற்கு முன்னால் சத்தம் வந்துவிடும். "சாவி வருதுடா" என்று அரட்டைக் கூட்டம் கலையும். அதட்டத் தெரியாத மனிதருக்கு ஆண்டவனாகப் பார்த்துக் கொடுத்த அதட்டல் அது.

ஒரே ஒரு சாவி மட்டும் அந்த வளையத்தில் கிடையாது. பின்கதவு வழியாக விரிப்புகள் களவு போகின்றன என்று முதலாளிக்கு ஒரு சந்தேகம் வந்தது. பேய் பிடித்தாலாவது ஓட்டலாம், முதலாளிக்குச் சந்தேகம் பிடித்தால் என்ன செய்வது? பின்கதவுச் சாவியை வளையத்திலிருந்து கழற்றச் சொல்லி வாங்கினார். தன் கையாலேயே பூட்டினார். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். சில நாட்களில், வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்த ஒரு மதியம், இஸ்திரி ரோலருக்குப் போகும் நீராவிக் குழாய் வெடித்தது. முன்பக்கம் நின்றவர்கள் தப்பித்து ஓடிவிட்டார்கள். ரோலரில் நின்ற இருவர் பின்கதவுக்கு ஓடினார்கள். அங்கேயே கிடந்தார்கள்.

விசாரணை வந்தது. சூட்டில் கதவு இறுகிக்கொண்டது என்றார் முதலாளி. சாவியையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவருக்கு நேர் எதிரே முதலாளி உட்கார்ந்திருந்தார். "நான் ஸ்டோர்ல இருந்தேன் சார். ஒண்ணும் பாக்கல" என்றார் சாவி. ஸ்டோரில் இருந்ததென்னவோ உண்மைதான். விபத்து என்று எழுதி மூடிவிட்டார்கள்.

நடந்ததை அவர் வாய்விட்டுச் சொன்னது வீட்டில் மட்டும்தான். சாப்பிட உட்கார்ந்தவர் பாதியில் கையைக் கழுவிவிட்டு மனைவியிடம் சொன்னார். பக்கத்தில் மனைவியின் தம்பி இருந்தான். பகலெல்லாம் பைக்கில் பார்சல் கொண்டுபோய்க் கொடுப்பவன். மீதி நேரமெல்லாம் ராப். சுவரில் எதிரொலி வரக்கூடாது என்று, ஆலை கழித்துப்போட்ட கிழிந்த கம்பளிகளைச் சாவியிடம் கேட்டு வாங்கித் தன் அறை முழுக்கத் தொங்கவிட்டிருந்தான். உள்ளே நுழைந்தால் மூச்சு முட்டும். அந்தக் கம்பளிகளுக்கு நடுவில்தான் 'நீராவி' என்ற அவனுடைய முதல் ஆல்பம் பிறந்தது.

முதலாளியை நேராகவே பாட்டில் இழுக்கத்தான் அவனுக்கு ஆசை. அக்கா விடவில்லை.

"உங்க மாமா வேலைக்கு உலை வெச்சிடாதடா."

"சரிக்கா. ஆளே வேண்டாம். சாவியையே குத்தவாளி ஆக்கிடறேன். பூட்டறது அதுதானே?"

அப்படி வந்த வரிதான் அது. *ஆவி கேக்குது, பாவி யாரு? சாவி! சாவி!* எதுகை கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. நல்ல எதுகை கிடைத்த பாட்டுக்காரனிடம் நியாயம் பேச முடியாது. "மாமா, உங்க பேரும் உள்ள வந்துடுச்சு பாருங்க" என்றான். எந்த அழைப்பிதழிலும் பெயர் வராத மனிதருக்கு அது உள்ளூர இனித்தது. அந்த இனிப்பை நான் குறை சொல்ல மாட்டேன். அதன் பிறகு அவர் செய்ததைத்தான் சொல்ல வேண்டும்.

ஆல்பத்தை இணையத்தில் ஏற்றினான். ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. மச்சினன் சாப்பாட்டை வெறுத்துச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். பிள்ளையில்லாத வீட்டில் அவன்தான் பிள்ளை. சாவிக்கு மனசு கேட்கவில்லை. போனைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். டீக்கடையில், முடிதிருத்தும் கடையில், பஸ் நிறுத்தத்தில், பார்த்தவர் காதிலெல்லாம் பாட்டைத் திணித்தார். யாரும் கால் நிமிஷம்கூடக் கேட்கவில்லை. அதனால் ஒரு தூண்டில் போட்டார். "இந்தப் பாட்டுல சாவி சாவின்னு ஒருத்தன் வர்றானே, அது யாரு தெரியுமா? அந்தச் சாவி நான்தான்!" இதைக் கேட்டதும் ஆட்கள் சிரித்தார்கள், சிரித்ததோடு அந்த ஒரு பாட்டையாவது கேட்டார்கள். தூண்டில் வேலை செய்கிறது என்று கண்டதும் போகிற இடமெல்லாம் போட்டார். தவளை தன் வாயால் கெடும் என்பதை யாரும் தவளையிடம் சொல்வதில்லை.

ஆலையில் மடிப்பு மேசையில் நிற்கும் பெண்ணிடம்கூடச் சொன்னார். செத்துப்போன இருவரில் ஒருவர் அவளுடைய புருஷன். "உங்க வீட்டுக்காரரைப் பத்தித்தான் பாடியிருக்கான் தங்கச்சி. கேளுங்க. அந்தச் சாவி நான்தான்." அவள் இரண்டு வரி கேட்டாள். போனைத் திருப்பிக் கொடுத்தாள். "முடியல அண்ணே" என்று விரிப்பை இழுத்து மடிக்க ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம், ஆள் குறையும்போதெல்லாம், விரிப்பின் ஒரு முனையை அவளும் மறுமுனையை அவருமாகப் பிடித்து உதறியிருக்கிறார்கள். ஆல்பத்தை எல்லோரும் மறந்தார்கள். மச்சினனே மறந்துவிட்டுப் பார்சலோடு அலைந்தான்.

பிறகு எங்கோ ஒரு தொழிற்கூடம் தீப்பிடித்தது. அங்கேயும் கதவு பூட்டியிருந்தது. இணையத்தில் சுற்றிய அந்தத் தீ வீடியோவுக்குப் பின்னணியாக யாரோ ஒருவர் மச்சினனின் பாட்டைத் தேடிப்பிடித்து ஒட்டினார். அவ்வளவுதான். பற்றிக்கொண்டது. ஆட்டோவில் அதே பாட்டு, ஊர்வலத்தில் அதே பாட்டு, பள்ளிப் பிள்ளைகள் வாயிலும் அதே பாட்டு. மச்சினன் பைக்கை விற்றுவிட்டுக் காரில் வந்து இறங்கினான். அக்கா அழுதுகொண்டே சிரித்தாள். சாவி தெருவெல்லாம் மிட்டாய் கொடுத்தார்.

மிட்டாய் கரைவதற்குள் ஒரு கேள்வி கிளம்பியது. யார் அந்தச் சாவி?

முதலில் ஷட்டரில் ஒரு சாவிப் படம் முளைத்தது. கரியால் வரைந்திருந்தார்கள். சாவி அழித்தார். மறுநாள் வீட்டுக் கதவில் இருந்தது. முடிதிருத்தும் கடைக்காரர் வாய் ஓயாமல் பேசுபவர், சாவி சவரத்துக்குப் போன அன்றைக்கு மட்டும் கத்தியைக் கழுத்தில் வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகுதான் தெரிந்தது, கேமராவோடு வந்தவர்களிடம் அவர் பேசியிருக்கிறார். "அவரே எங்கிட்ட சொன்னாருங்க, சிரிச்சிக்கிட்டே." டீக்கடைக்காரரும் அதையே சொன்னார். பொய் சொன்னவர் ஒருவரும் இல்லை, அதுதான் கொடுமை. சாவி நடந்தால் வரும் சத்தம் முன்பெல்லாம் அரட்டையைத்தான் நிறுத்தும். இப்போது தெருவையே நிறுத்தியது. வளையத்தைக் கழற்றித் துணியில் சுற்றி எடுத்துப்போகப் பழகினார்.

பழைய விபத்தைத் திரும்ப விசாரிக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்த அன்று முதலாளி அவரை ஏசி அறைக்குக் கூப்பிட்டார். அத்தனை வருஷத்தில் முதன்முறையாக உட்காரச் சொன்னார். டீ வந்தது.

"உன் மச்சினன் நல்லா பாடறான்யா. நானே ரெண்டு மூணு தரம் கேட்டேன்."

"சரிங்கய்யா."

"அப்பல்லாம் எல்லாச் சாவியும் உங்கிட்டதானே இருந்துச்சு?"

"பின்கதவுச் சாவி மட்டும் ஐயா வாங்கி..."

"எல்லாச் சாவியும்" என்றார் முதலாளி அன்பாக. "டீயக் குடி, ஆறிடப் போவுது."

குடித்தார். நாக்கு சுட்டது. வெளியே வந்தார். ஜெயில் என்ற சொல் அப்போதுதான் முதன்முதலாக அவர் மனசுக்குள் நுழைந்து உட்கார்ந்தது. நேராக மச்சினன் புதிதாகக் குடிபோயிருந்த வீட்டுக்குப் போனார்.

"மாப்ள, ஒரே ஒரு வார்த்தை சொல்லிடு. பாட்டுல வர்றது வெறும் சாவி, ஆளு இல்லன்னு. டிவியில சொல்லு."

"நாளைக்கே பேட்டி இருக்கு மாமா. இதச் சொல்லாம நான் வேறெதச் சொல்லப் போறேன்?" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

மறுநாள் புருஷனும் பெண்டாட்டியும் டிவி முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். கேள்வி வந்தது. மச்சினன் கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்தான். "அந்தச் சாவி யாருன்னு சாவிக்கே தெரியும்" என்றான். அரங்கம் எழுந்து நின்று கத்தியது.

அக்கா போனில் கூப்பிட்டு வாயில் வந்ததையெல்லாம் திட்டினாள். மறுமுனையில் அவன் அழுதான். "அக்கா, அந்தக் கேள்வியிலதான்க்கா பாட்டே ஓடுது. வாயத் தொறக்கவே கூடாதுன்னு பாட்டு கம்பெனியில சொல்லிட்டாங்க. கொஞ்ச நாள் பொறுத்துக்கச் சொல்லுக்கா மாமாவ." இத்தனை வருஷம் காத்திருந்து வந்த பேரை ஒரு வார்த்தைக்காக விட்டுவிட அவனுக்கு மனசு வரவில்லை. சாவிக்குக் கோபம்கூட வரவில்லை. பயம்தான் வந்தது. அன்றிலிருந்து யாராவது கதவைத் தட்டினால் மனைவிதான் போய் ஜன்னல் வழியாகப் பார்ப்பாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தட்டியது மடிப்பு மேசைப் பெண். உள்ளே வரச் சொன்னார்கள், வந்தாள். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை.

"பாட்ட முழுசாக் கேட்டேன் அண்ணே. இப்பத்தான் கேக்க முடிஞ்சுது."

சாவி எழுந்து நின்றார்.

"அன்னைக்கு எங்கிட்ட நீங்களே சொன்னீங்க, அந்தச் சாவி நான்தான்னு. சந்தோஷமாச் சொன்னீங்க. என் புருஷன் செத்த பாட்டு அது. எப்படி அண்ணே முடிஞ்சுது உங்களால?"

"ஐயோ தங்கச்சி, அது அப்படியில்ல. அவன் பாட்ட நாலு பேர் கேக்கணுமேன்னு உளறினது. நான் பூட்டல. சத்தியமாப் பூட்டல."

"அப்ப யாரு?"

மனைவி அவரைப் பார்த்தாள். வேண்டாம் என்று தலையசைத்தாளா, சொல்லுங்கள் என்று அசைத்தாளா, அவருக்குப் புரியவில்லை. இனி மறைத்து ஆகப்போவதென்ன? அதிகாரியும் ஊரும் எப்படியாவது போகட்டும், இவள் ஒருத்தி நம்பினால் போதும் என்று அந்த நிமிஷம் தோன்றியது. சொல்லிவிட்டார்.

"முதலாளி. எங்கிட்டருந்து சாவிய வாங்கி, அவர் கையாலேயே பூட்டினாரு. பையில போட்டுட்டுப் போயிட்டாரு. என் கண்ணால பாத்தேன் தங்கச்சி."

சொல்லி முடித்ததும் பாரம் இறங்கினாற்போல இருந்தது. அவள் முகமும் தளர்ந்தது. நம்பிவிட்டாள், அது நன்றாகவே தெரிந்தது. சாவிக்குக் கண் கலங்கியது.

"விசாரணைக்கு வந்தவங்ககிட்ட இதச் சொன்னீங்களா?" என்று கேட்டாள்.

சாவி மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

"இத்தனை வருஷமா எனக்கு எதிர்ல நின்னு போர்வை மடிச்சீங்களே. அப்பல்லாம் இது உங்களுக்குத் தெரியும்?"

"தங்கச்சி..."

"தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வாசலில் செருப்பை மாட்டினாள்.

"அப்ப பாட்டு சரியாத்தான் பாடியிருக்கு" என்றாள்.