இரண்டு பக்கமும் பார்த்தவள்

திரு. அன்ரன் அவர்கள் தொலைபேசியில் அழைத்துச் சொல்லித்தான் றெஜினா இறந்த செய்தி எனக்குத் தெரிய வந்தது. காலை ஒன்பது மணி இருக்கும். பாடசாலைக் கன்ரீனில் பிள்ளைகளின் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கரட் சீவிக்கொண்டிருந்தேன். "அக்கா, றெஜினா அக்கா விடியப்புறம் மோசம் போயிட்டா," என்றார். கத்தியைக் கீழே வைத்தேன். நான் வாய் திறக்குமுன் அவரே தொடர்ந்தார்: "அந்த அரைக்கிற மில் உங்களிட்டையோ இருக்கு?"

ஆள் போய் மூன்று மணித்தியாலம் ஆகவில்லை. "ஓம், என்னட்டைத்தான். என்னட்டைத்தான் இருக்கும்," என்று சொல்லிவிட்டுத் தொடர்பைத் துண்டித்தேன். பிறகுதான் அழுதேன். அந்த அழுகையில் பாதி கோபம் என்பதை நான் ஒளிக்கப் போவதில்லை.

லா சப்பலில் தமிழ்க் கடைகளுக்கு வந்து போகும் பலருக்கு அவளை முகமளவில் தெரியும். மன்னாரில் பிறந்தவள். ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில், லிஃப்ற் இல்லாத கட்டடத்தின் ஆறாம் மாடியில் தனியே இருந்தவள். கலியாணம் கட்டவில்லை. ஒரே ஒரு தங்கச்சி. அந்தத் தங்கச்சியின் கணவர்தான் ரூ பெர்தொனேயில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் அன்ரன். நானும் றெஜினாவும் பதினொரு வருடம் ஒரே கன்ரீனில், ஒரே மேசைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக நின்று வேலை செய்தோம். இறந்தவரை 'அவர்' என்று எழுதுவதுதான் முறையாம். பதினொரு வருடம் 'எடியே' என்று கூப்பிட்டவளை இப்போது 'அவர்' என்றால், "ஆரடி அது?" என்று கேட்பாள். ஆகவே இந்தக் கட்டுரையில் அவள், அவளாகவே இருக்கட்டும்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து, சாப்பாட்டுக்கு முன் ஒரு நினைவு மலர் தந்தார்கள். பன்னிரண்டு பக்கம், பளபளப்பான தாள். தொகுத்தவர் அன்ரன். ஏழாம் பக்கத்தில் இப்படி ஒரு வரி: 'மைத்துனரின் விருது பெற்ற பியர் முயற்சிக்கு உறுதுணையாக நின்றவர்.' உறுதுணை! அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அஞ்சலியைச் சாந்தமாக எழுதவேண்டும் என்று எனக்கும் தெரியும். சாந்தமான ஆட்கள் வேறு யாராவது எழுதட்டும்.

அந்தப் பியரைக் காய்ச்சியவள் றெஜினா. தொடக்கம் முதல் மூடி அடிக்கிறது வரைக்கும் அவள்தான்.

அவளுக்குப் பியர் பிடிக்கும். ஒளித்துக் குடிக்கிற ஆள் இல்லை. "வேலை முடிஞ்சு வந்து ஒரு கிளாஸ். அதிலை என்னடி வெக்கம்?" என்பாள். கடைப் பியர் தண்ணிமாதிரி இருக்கிறது என்று ஒருநாள் தானே காய்ச்சத் துணிந்தாள். முளைக்கவிட்டுக் காயவைத்த பார்லிதான் மால்ற். அதை உடைத்துச் சுடுநீரில் ஊறவைத்து, இறங்கும் இனிப்புத் தண்ணீரை வடித்துக் காய்ச்சிப் புளிக்கவைக்க வேண்டும். முதல் தடவை உடைத்தது என்னுடைய மிக்ஸியில். கெட்டிக்காரத்தனமாக நான்தான் மாப்போல அரைத்துக் கொடுத்தேன். சுடுநீர் பட்டதும் எல்லாம் சுவரொட்டி ஒட்டுகிற பசையாகிவிட்டது. பானையின் குழாயைத் திறந்தால் ஒரு சொட்டு வரவில்லை. நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்க, அவள் மால்ற் மணிகளை ஒவ்வொன்றாக நகத்தால் நசித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் சொன்னாள்: "உமிதான்டி வடி. உமியைத் தூளாக்கினால் பிறகு எதாலை வடிக்கிறது?"

அடுத்த சனிக்கிழமை பியர்ச் சாமான் விற்கும் கடை ஒன்றுக்குப் போனோம். இவள் சட்டைப் பையில் மால்ற் கொண்டுவந்திருந்தாள். கடைக்காரர் மூன்று மில் காட்டினார். ஒன்று இரண்டு தட்டுகளுக்கிடையில் தேய்த்து அரைப்பது. மற்றது இரண்டு உருக்கு உருளை கொண்டது. கடைசி மூன்று உருளை, அவரே பெருமையாகத் தடவிக்கொண்டிருந்தார். இவள் ஒவ்வொன்றிலும் ஒரு கைப்பிடி மால்ற் போட்டுச் சுற்றச் சொன்னாள். வந்ததை உள்ளங்கையில் வைத்து ஊதினாள். தட்டு மில்லில் அரைத்ததை ஊதியபோது தூள் பறந்து கடைக்காரரின் கண்ணாடியில் படிந்தது. உருளை மில்லில் உமி முழுசாக எழும்பிப் போக, உள்ளே இருந்த பருப்பு நாலைந்து துண்டாக உடைந்து கையில் கிடந்தது. "இது காணும், போதும்," என்று இரண்டு உருளை மில்லை எடுத்தாள். அவர் விடவில்லை, மூன்றாவது உருளையின் அருமை பெருமைகளை விளக்கினார். எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டு, மெர்சி என்று நன்றி சொல்லி, என் பக்கம் திரும்பினாள்: "மூண்டாவது உருளை அந்தாளுக்கு. எனக்கில்லை."

ஆறு மாடியும் நாங்கள்தான் தூக்கி ஏற்றினோம். கன்ரீனில் கழித்துவிட்ட வெட்டுப்பலகை ஒன்றில் மில்லைப் பூட்டி, பலகையை ஒரு வாளியின் மேல் வைத்தாள். புது உருளையில் எண்ணெய் இருக்கும் என்று முதல் கைப்பிடி மால்ற்றை அரைத்துக் குப்பையில் கொட்டினாள். கையால் சுற்றினால் தோள் கழன்றுவிடும் என்று நான் என் துளைபோடும் மெசினைக் கொண்டுபோயிருந்தேன். அதை மில்லின் அச்சில் பூட்டி வேகமாக விட்டேன். "மெதுவா விடு, விசரி! உமி கிழியுது!" என்று கத்தினாள். இன்றைக்கும் அதை முடுக்கும்போது அந்தச் சத்தம் என் காதில் கேட்கிறது.

உருளைகளுக்கு இடையில் எவ்வளவு இடைவெளி விடுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கார் திருத்துகிறவர்கள் வைத்திருக்கும், இதழ் இதழாக விரியும் அளவுகோல் ஒன்றை வாங்கி வந்திருந்தாள். ஒவ்வொரு இதழிலும் அதன் தடிப்பு எழுதியிருக்கும். இரண்டு இதழ்களைச் சேர்த்துப் பிடித்து உருளைக்கு நடுவில் விட்டு, குமிழைத் திருகி இறுக்கினாள். ஐந்து கிலோ அரைத்தோம். வாளிக்குள் கைவிட்டுப் பார்த்தால் பாதி மணி உடையவே இல்லை. குமிழ் வலப்பக்கத்தில் ஒன்று, இடப்பக்கத்தில் ஒன்று. நாங்கள் வலப்பக்கத்தை மட்டும் பார்த்திருக்கிறோம். இடப்பக்கம் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. அன்றைக்கு நிலத்தில் குந்தியிருந்து சிரித்துச் சிரித்து, பிறகு எழும்பி அத்தனையையும் திரும்ப அரைத்தாள். "ரெண்டு பக்கமும் பாக்கோணும், ஜெயந்தி," என்றாள். அதற்குப் பிறகு எதற்கெடுத்தாலும் அதுதான். சம்பளத் தாளா, வாடகைத் தாளா, கன்ரீனை நடத்துகிற பத்ரோன் சொல்கிற கதையா, ரெண்டு பக்கமும் பாக்கோணும்.

ஒரேயொரு நாள் அவள் பார்க்கவில்லை.

கடைசியில் ஒரு கரண்டி வறுத்த கொத்தமல்லி போட்டு அவள் காய்ச்சிய பியர், ஊரெல்லாம் பேச்சாகிவிட்டது. "பொம்பிளையள் காய்ச்சிற பியரோ?" என்று முதலில் நக்கலடித்தவர் இதே அன்ரன்தான். பிறகு தன் மகளின் விருந்தில் அதையே வைத்தார். வந்திருந்த வெள்ளைக்காரர் ஒருவர் குடித்துப் பார்த்து, வீட்டில் காய்ச்சுகிறவர்களுக்கு இந்த வட்டாரத்தில் ஒரு போட்டி நடக்கிறது, சேருங்கள் என்றார். விண்ணப்பப் பத்திரம் பிரெஞ்சில் இருந்தது. "தாங்கோ அக்கா, நான் நிரப்பித் தாறன்," என்று அன்ரன் வாங்கிப் போனார். நிரப்பிக்கொண்டு கன்ரீனுக்கே வந்தார். இவள் கை முழுக்க மா. முன்பக்கத்தில் பியரைப்பற்றிய விபரம் எல்லாம் சரியாக இருந்தது. "கீழை ஒரு சைன் வையுங்கோ." வைத்தாள். பின்பக்கத்தில், காய்ச்சியவர் என்ற இடத்தில் அன்ரன் தன் பெயரையும், உதவியாளர் என்ற இடத்தில் றெஜினாவின் பெயரையும் எழுதியிருந்தார்.

முதல் பரிசு கிடைத்தது. மேடையில் அன்ரன் என்று கூப்பிட்டார்கள். அவர் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தார், அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். மெடலைக் கழுத்தில் போட்டார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். பக்கத்தில் நின்ற றெஜினா தட்டவில்லை. மேடையேறி ஒலிவாங்கியைப் பிடுங்கியிருக்க வேண்டிய நான், சனத்தோடு சனமாகக் கை தட்டினேன். அன்ரனை மன்னிக்க மாட்டேன். அந்தக் கைகளையும் மன்னிக்க மாட்டேன்.

"ஏனடி வாயை மூடிக்கொண்டு நிண்டனி?" என்று வரும் வழியில் அவளைத்தான் ஏசினேன்.

"தங்கச்சி அங்கை நிக்கிறாள். அவளுக்கு முன்னாலை நான் என்னத்தைச் சொல்ல?" என்றாள். "இருக்கட்டும். ஒருநாள் அவனே காய்ச்சட்டும்."

அந்த நாள் வந்தது. அடுத்த வருடம் வட்டாரக் கொண்டாட்டத்தில், பரிசு வாங்கியவர் சனத்துக்கு முன்னால் காய்ச்சிக் காட்டவேண்டும் என்று கடிதம் போட்டார்கள். அன்ரன் ஆறு மாடி ஏறி வந்தார். நானும் அங்கே இருந்தேன். "அக்கா, நீங்கள் பின்னாலை நிண்டு சொல்லித் தந்தால் காணும்," என்றார்.

"எனக்கு நேரமில்லை. எழுதித் தாறன்."

எழுதினாள். எதையும் ஒளிக்கவில்லை. முன்பக்கத்தில் மால்ற் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு சூடு, எத்தனை நிமிடம், கொத்தமல்லி எப்போது, எல்லாம் அவளுடைய முத்துமுத்தான எழுத்தில். கொடுக்கும்போது, "ரெண்டு பக்கமும் பார், அன்ரன்," என்றும் சொன்னாள். அவர் மெர்சி சொல்லி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

கொண்டாட்டத்தன்று நல்ல வெயில். அன்ரன் அந்தத் தாளை, சனம் பார்க்கட்டும் என்று அடுப்புக்குப் பின்னால் இருந்த சுவரில் நாலு மூலையும் ஒட்டியிருந்தார். மால்ற்றைத் தன் கடையின் பின்னறையில் இருக்கும் மிளகாய் மெசினில் அரைத்து, மாப்போல நைசாக்கிக் கொண்டுவந்திருந்தார். மா இலேசாகச் சிவந்திருந்தது. சுடுநீரில் கொட்டினார். கிண்டினார். அகப்பை நட்டுக்கொண்டு நின்றது. குழாயைத் திறந்தார், ஒன்றும் வரவில்லை. ஊதிப் பார்த்தார். பிறகு ஆத்திரத்தில் அடுப்பைக் கூட்டினார். அடிப்பிடித்தது. ஆவி எழும்பியது. முன்வரிசையில் ஒருவர் தும்மினார். பிறகு ஒரு பெண் இருமினாள். பிறகு அந்த இடம் முழுக்க இருமல்; பரிசு தந்த நடுவர்கள் கைக்குட்டையைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். "ஸ்பெசாலித்தே ஸ்ரீலங்கா!" என்று, ஏதோ எங்கள் நாட்டு விசேசம்போல, அன்ரன் கண்ணீரோடு கத்திக்கொண்டிருந்தார். றெஜினா பின்வரிசையில் நின்று மீன் றோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். "ஐயோ பாவம்," என்றாள். அவருக்காக இரங்குகிறாள் என்று நினைத்து நான் முறைத்தேன். "மால்ற்றைச் சொன்னனான்," என்றாள்.

சனம் கலைந்தபின் நான் போய் அந்தத் தாளைச் சுவரிலிருந்து உரித்தேன். பின்பக்கத்தில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தாள்: 'மிளகாய் மெசினிலை அரைக்காதை. உருளை மில் வேணும். என்னட்டை வந்து கேள், தாறன்.' அதற்குக் கீழே இடைவெளியின் அளவு. அவள் தரத்தான் இருந்தாள். அவர் திருப்பிப் பார்த்திருந்தால் மில்லே கிடைத்திருக்கும்.

கடைச் சுவரில் மாட்டியிருந்த மெடலை அவர் கழற்றவில்லை. மால்ற் பழுது என்று சொல்லித் திரிந்தார். சனமும் மறந்துவிட்டது. பிறகு றெஜினாவுக்கு வருத்தம் வந்தது, மூன்றே மாதம். வேலை முடிந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போவேன். மில்லை செவ்ரானில் இருக்கும் என் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னதும் அங்கே வைத்துத்தான். "தண்ணியிலை கழுவாதை, கறள் பிடிக்கும். தும்பாலை தட்டு," என்றாள். உருளை இடைவெளியின் அளவை அன்ரனுக்குச் சொல்லவா என்று கேட்டேன். "எல்லாருக்கும் சொல்லு. அவனுக்கெண்டு தனியச் சொல்லாதை. வாசிச்சு அறியட்டும்."

அதைத்தான் செய்கிறேன். இந்தப் பத்திரிகையை நடத்துகிறவரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: கட்டுரை ஒரே தாளில் வரட்டும், றெஜினாவின் படமும் கதையும் முன்பக்கத்தில், இந்தக் கடைசிப் பகுதி மறுபக்கத்தில். முதல் வரியில் அன்ரனின் பெயரை மரியாதையாக எழுதியதும் காரணத்தோடுதான். தன் பெயர் அச்சில் வந்த எதையும் அவர் வெட்டி எடுத்து மெடலுக்குப் பக்கத்தில் ஒட்டுவார். முதல் வரியைத் தாண்டி வாசிக்க மாட்டார். ஒட்டட்டும். கொத்துரொட்டிக்குக் காத்து நிற்கிறவர்கள் ஆறுதலாக நின்று வாசிப்பார்கள், அந்த மெடல் யாருடையது என்று.

மில் என்னிடம் இருக்கிறது. பசை காய்ந்த நாலு மூலையோடு அந்தத் தாளும் இருக்கிறது. என் சமையலறைச் சுவரில் பின்பக்கம் தெரிய மாட்டியிருக்கிறேன். அன்ரன் இந்தக் கட்டுரையை ஒட்டும்போது, இந்தப் பக்கத்தில் வரும் அளவு அவருடைய கடைச் சுவரைப் பார்த்தபடி இருக்கட்டும். நீங்கள் தாளைத் திருப்பிவிட்டீர்கள், உங்களுக்குச் சொல்கிறேன்: ஒரு மில்லிமீற்றர் இதழ் ஒன்று, அதோடு தசம் ஒன்று இதழ் ஒன்று. இரண்டும் சேர்த்து ஒன்று தசம் ஒன்று (1.1). வலக் குமிழையும் பாருங்கள், இடக் குமிழையும் பாருங்கள். காய்ச்சி முடிந்ததும் போத்தலில், காய்ச்சியவர் என்ற இடத்தில், றெஜினா என்று எழுதுங்கள். உதவியாளர் என்ற இடத்தில் என் பெயரைப் போடுங்கள்.