டாட்லோ மாஸ்டரும் மருந்துச் சீட்டு விஸ்கியும்

ஹார்க்னெஸ் ஊர் பேண்டுக்கு மாஸ்டராக இருந்த வில்ஃபிரெட் டாட்லோவுக்குத் தொழில் முடிவெட்டுவது. இரண்டு வேலையிலும் பாதியில் கை நடுங்கும். வாய் மட்டும் நடுங்காது. சவரத்துக்கு உட்கார்ந்தவன் கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டு, லண்டனில் ராஜாவுக்கு எதிரில் கார்னெட் என்னும் பித்தளைக் குழலை ஊதிய கதையை அளப்பார். அந்த நிலையில் எவன் மறுத்துப் பேசுவான்?

அவருக்கு இருந்தது ஒரே ஆசை. பூங்காவில் கட்டப்போகும் இசை மேடைக்குத் தன் பெயரை வைக்க வேண்டும். பிப்ரவரியில் ஆளுநர் ரயிலில் வருகிறார், பேண்டு வரவேற்பு சோபித்தால் வைக்கிறோம் என்று ஊர் மன்றமும் வாக்குக் கொடுத்திருந்தது.

எங்கள் சமவெளிக் குளிரில் கார்னெட்டோ, அதைவிடப் பெரிய குழலான டியூபாவோ ஊதுவதென்றால், சுரம் மாற்ற விரலால் அழுத்தும் பித்தான்களுக்குள் சாராயம் விட வேண்டும். இல்லாவிட்டால் மூச்சின் ஈரம் உள்ளேயே உறைந்து பித்தான் அசையாது. அப்போது மதுவிலக்கு வேறு. டாக்டர் சீட்டு எழுதினால்தான் மருந்துக் கடையில் விஸ்கி. எங்கள் டாக்டர் நல்ல மனுஷன், நோயாளியின் பெயர் 'கார்னெட்' என்று எழுதி ஒரு பாட்டில் வாங்கிக் கொடுத்தார். அதை டாட்லோவின் பொறுப்பில் விட்டோம். எங்கள் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ரயில் புகை தெரிந்ததும் நான் டியூபாவைத் தூக்கிக்கொண்டு அவரிடம் போனேன்.

"மாஸ்டர், பாட்டிலைக் குடுங்க."

"எல்லாத்துக்கும் நானே ஊத்திட்டேன்பா. போய் நில்லு."

"எதுக்குள்ள ஊத்தினீங்க மாஸ்டர்?" என்றான் முரசு அடிக்கிற ஹால்வர்.

"டேய், தோலைத் தட்டுறவனுக்குப் பித்தானைப் பத்தி என்னடா தெரியும்?"

அவர் வாயிலிருந்து வந்த வாடையே பதில் சொல்லிவிட்டது. அதற்குள் ரயில் நின்று ஆளுநர் இறங்கினார். டாட்லோ கையை உயர்த்தினார்.

முதல் வரி ஒப்பேறியது. பிறகு ஒவ்வொருவர் பித்தானாக இறுகிக்கொண்டது. அவனவன் மாட்டிய சுரத்திலேயே, மாடு கத்துவது போல, இழுத்துக்கொண்டிருந்தோம். ஹால்வர் மட்டும் தொம், தொம் என்று அடித்தான். ஆளுநர் திகைத்துப்போய்த் தொப்பியைக் கழற்றினார். மன்றத் தலைவரின் காதருகே குனிந்து, "யாருங்க இறந்துபோனது?" என்று கேட்டார்.

மேடைக்கு ஹால்வரின் பெயரை வைத்தார்கள். அன்று சத்தம் ஒழுங்காக வந்தது அவனிடமிருந்துதானே! டாட்லோவோ, ஊர்க் குளிரைத் திட்டி, டாக்டரைத் திட்டி, எங்கள் உதட்டைத் திட்டிக் காலத்தை ஓட்டினார். ஒருநாளும் பாட்டிலைப் பற்றி வாய் திறக்கவில்லை. வெட்கங்கெட்ட மனுஷன்.

நாலு வருஷம் கழித்து ஒரு ஜனவரியில் செத்துப்போனார். மதுவிலக்குப் போயிருந்தது. ஹால்வரே ஒரு பாட்டில் வாங்கிவந்து, ஒரு சொட்டுகூட வாயில் விடாமல் எல்லாப் பித்தான்களுக்கும் ஊற்றினான். கல்லறையருகே நின்று வாசித்தோம். சுரம் பிசகவில்லை. அவ்வளவு நன்றாக நாங்கள் வாசித்ததே கிடையாது.

அவர் மனைவி மாபெல் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"இவ்வளவு அழகா வாசிப்பீங்களா? பாவி மனுஷன், இதுக்குத்தானே ஏங்கினாரு. அவரு இருக்கறப்ப ஒரே ஒரு தடவை இப்படி வாசிச்சிருக்கக் கூடாதா?"

காரணம் சவப்பெட்டிக்குள் படுத்திருந்தது. அதை எப்படி அவளிடம் சொல்வது? தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, "தப்புதாம்மா" என்றேன்.