கார் ஷெட்டுக்கு வந்த இன்னொரு குழந்தை

எழுபதுகளின் தொடக்கத்தில், அடையாறில் நாங்கள் ஐந்து தாய்மார்கள் சேர்ந்து சின்னக் குழந்தைகளுக்காக ஒரு விளையாட்டுக் குழு நடத்தினோம். எங்களில் ஒருத்தியின் வீட்டில் கார் ஷெட் காலியாக இருந்தது. வாரம் மூன்று காலைகள், முறை வைத்துப் பார்த்துக்கொள்வோம். குழந்தையோடு வருகிறவரும் கூட உட்கார்ந்து விளையாட வேண்டும், அது ஒன்றுதான் விதி.

என் மகளுக்கு அப்போது இரண்டரை வயது. என்னை விட்டு இறங்கமாட்டாள். என் முறை வரும் நாட்களில் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டே மற்றக் குழந்தைகளுக்குக் களிமண் பிசைந்து கொடுப்பேன்.

ஒரு டாக்டர் வீட்டுப் பையனை அவர்கள் ஆயா அழைத்து வருவாள். ஆற்றோரக் குடிசைகளில் இருந்தவள். எவ்வளவு சொன்னாலும் பாயில் உட்காராமல் வாசலிலேயே குந்தியிருப்பாள். ஒருநாள் என் மகளைப் பார்த்து, "இன்னா கண்ணு, அம்மாக்கு இடுப்பு நோவாதா? இங்க வா" என்றாள். இவள் சறுக்கி இறங்கி நேரே அவள் மடியில் போய் உட்கார்ந்தாள். எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது பொறாமை.

அதை மறைக்கத்தான், "உனக்குக் குழந்தை இருக்கா?" என்று கேட்டேன்.

"ஒரு பொண்ணு கீதும்மா. இதே வயசுதான். பக்கத்து வூட்ல உட்டுட்டு வரேன்."

"அவளையும் கூட்டிட்டு வாயேன்."

அடுத்த வாரம் கூட்டி வந்தாள். தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, அளவுக்கு மீறிப் பெரிய கவுன் ஒன்று போட்டுவிட்டிருந்தாள். குழுவில் ஒருத்தி அங்கேயே என்னிடம் கேட்டாள்: "அவ தன் பொண்ணைப் பாப்பாளா, அவங்க பையனைப் பாப்பாளா? டாக்டர் வீட்ல என்ன சொல்லுவாங்க?" நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். "கேட்டுச் சொல்றேன்" என்றேன். ஆயா காதில் அது விழுந்தது. மறுமுறை பையனோடு மட்டும் வந்தாள்.

அன்று சாயங்காலமே டாக்டர் வீட்டுக்குப் போய்ப் பேசினேன். "அவளுக்குக் குழந்தை இருக்கான்னே நான் கேட்டுக்கலை. தாராளமா வரட்டும்" என்றாள் பையனின் அம்மா.

ஆயாவிடம், "அன்னிக்கு நான் அப்படிச் சொன்னது தப்பு" என்றேன். "பரவால்லம்மா" என்றாள். ஆனாலும் மகளை மறுபடி அழைத்துவர இரண்டு வாரம் எடுத்துக்கொண்டாள்.

வந்த அன்றே இரண்டு பெண்களும் ஒரு பிளாஸ்டிக் வாளிக்காக அடித்துக்கொண்டார்கள். என் மகள் கிள்ளினாள், அவள் மகள் முடியைப் பிடித்தாள். ஆயா பதறி எழுந்து, தன் பெண்ணை அடிக்கக் கை ஓங்கினாள். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். "இவதான் முதல்ல கிள்ளினா. நான் பார்த்தேன்" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு பாயில், என் பக்கத்தில், உட்கார்ந்தாள்.

குழந்தைகள் பள்ளிக்கூடம் போகும்வரை, ஒரு வருஷத்துக்கு மேல், அப்படியே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். கடைசிவரை அவள் என்னை அம்மா என்றாள், நான் அவளை நீ என்றேன். அதை மாற்றிக்கொள்ள எனக்குத் தோன்றவே இல்லை.